இல்லை என்று நிரப்பிய சீட்டு

ஒரு ஃபங்ஷனின் தலைவரியை மாற்றுவதற்கு ஏழு முறை பேட்ச் அனுப்பியிருக்கிறீர்களே மேடம், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள். போன மாதம்தான் அந்தப் பகுதியை அவள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். கேள்வியில் கொஞ்சம் கிண்டலும் இருந்தது. இருக்கட்டும், அந்த வயதில் நான் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன். சொல்ல ஆரம்பித்தேன்; பத்து நிமிஷத்தில் அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. "எழுதியே குடுத்துடுங்க மேடம், டீம்ல எல்லாருக்கும் அனுப்பிடறேன்" என்றாள். ஓய்வுபெற்றுப் பாலக்கோட்டில் உட்கார்ந்திருப்பவள் நேரமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எழுதுகிறேன்.

என் பெயர் ராஜேஸ்வரி. பாலக்கோட்டில் தமிழ்வழிப் பள்ளி, சேலத்தில் பொறியியல், பிறகு பெங்களூரில் வேலை. முதல் பத்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மென்பொருள் எழுதினேன். அந்தப் பத்து வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வேலை கற்றுக்கொண்டேன் என்பதைத் தவிர. அதன் பிறகு ஓய்வுபெறும் வரை ஒரே கம்பெனி. லைன் மோசமாக இருக்கும் இடங்களுக்கென்று ரௌட்டர் பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி அது. எஸ்டேட்டுகள், மலைப் பள்ளிக்கூடங்கள், சின்ன ஆஸ்பத்திரிகள் எல்லாம் எங்கள் வாடிக்கையாளர்கள்.

பெட்டிக்குள் ஓடும் கெர்னல் எங்களுடையது அல்ல. கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்துகிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று பொதுவில் கிடப்பது. அதில் ஒன்றைத் திருத்த வேண்டுமானால் திருத்தத்தைப் பேட்சாக எழுதி, உலகமே பார்க்கும் ஒரு மெயில் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். அங்கே பல தேசத்துக்காரர்கள் படித்துப் பார்த்துக் கிழிப்பார்கள். கிழித்ததைத் தைத்து மறுபடி அனுப்ப வேண்டும். பேட்சுக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கும். எதற்காக இந்தத் திருத்தம் என்று அதில் விளக்க வேண்டும். குறிப்பின் அடியில் சில வரிகள்: எழுதியவர் யார், எந்தப் பழைய பேட்சின் தவறை இது சரிசெய்கிறது, பழுதை முதலில் சொன்னவர் யார், சோதித்துப் பார்த்தவர் யார். ஒருமுறை ஏறிவிட்டால் அந்த வரிகளை யாராலும் அழிக்க முடியாது.

எங்கள் குழுவின் தலைவர் நாகராஜ் சார். ஓசூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை; ஆனால் அவர் அறைக்குப் போகும்போது எல்லோருக்கும் நாக்கு வறண்டுவிடும். எழுதிய நிரலை அவர் முதலில் திறக்கவே மாட்டார். குறிப்பைத் தாளில் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, நம்மையே சத்தமாகப் படிக்கச் சொல்வார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். படிக்கும்போது எந்த இடத்தில் நாம் வேகமாகத் தாண்டுகிறோமோ அந்த இடத்தில் கண்ணைத் திறப்பார். "அத இன்னொருக்கா படி" என்பார். இரண்டாவது முறை படிக்கும்போது அந்த வாக்கியத்தில் இருக்கும் மழுப்பல் நமக்கே காதில் விழும். தாளை மடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட வேண்டியதுதான்.

ஃபங்ஷன் என்பது நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்து பதில் சொல்லும் பகுதி; மற்ற பகுதிகள் வேண்டும்போது அதைக் கூப்பிடும். அதைப் பற்றி இன்னொரு கேள்வி எல்லோரிடமும் கேட்பார். "இந்த ஃபங்ஷன யாரு கூப்பிடுவாங்க? கூப்பிடறப்ப அவங்க கையில என்ன இருக்கும்?" நான் அவரிடம் வேலை பார்த்த பதினெட்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை எத்தனை நூறு முறை கேட்டிருப்பாரோ தெரியாது. அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

இனி ஃபங்ஷனுக்கு வருகிறேன். நெட்டில் போகிற எதுவும் துண்டு துண்டாகத்தான் போகும். ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். பாக்கெட்டின் முன்பகுதியில் யாரிடமிருந்து, யாருக்கு என்ற முகவரிகள் இருக்கும். அந்த முன்பகுதியைப் படித்து, இது எந்தப் பேச்சைச் சேர்ந்த துண்டு என்று சொல்வதுதான் நான் பார்த்துக்கொண்ட ஃபங்ஷனின் வேலை. அது சொல்லும் பதிலை வைத்து ஒரு பேச்சின் துண்டுகளையெல்லாம் ஒரே வரிசையில் விடுவார்கள். அப்போதுதான் ஒன்றையொன்று முந்தாமல் போகும்.

எங்கள் ஊர்த் தக்காளி மண்டியில் டிராக்டர் வந்து நின்றதும் வாசலில் ஒரு சீட்டு எழுதுவார்கள். யாருடைய சரக்கு, எந்த ஊர், எத்தனை கூடை என்று. உள்ளே இருப்பவர்கள் சரக்கைப் பார்ப்பதற்கு முன் சீட்டைப் பார்ப்பார்கள். கெர்னலுக்குள்ளும் அப்படித்தான். பாக்கெட் உள்ளே வந்ததும் அதற்கு ஒரு சீட்டு எழுதப்படும், அதில் நிறையக் கட்டங்கள் இருக்கும். என் ஃபங்ஷன் சீட்டோடுதான் பாக்கெட்டை வாங்கும். சீட்டில்லாமல் அதைக் கூப்பிடவே முடியாது, அப்படித்தான் ஆதியில் எழுதியிருந்தார்கள்.

நான் ஓய்வுபெற மூன்று வருஷம் இருக்கும்போது ஒரு தேவை வந்தது. பெட்டியின் வேகத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு, சீட்டு எழுதுவதற்கு முன்னாலேயே, நெட்வொர்க் கார்டிலிருந்து பாக்கெட் இறங்குகிற இடத்திலேயே அதைப் படித்து வரிசை பிரிக்க வேண்டும். அந்த இடத்தில் வெறும் பைட்டுகள்தான் இருக்கும். என் ஃபங்ஷனோ சீட்டு கேட்கும்.

நியாயமாகச் செய்திருக்க வேண்டியது, சீட்டோடும் கூப்பிடலாம், சீட்டில்லாமலும் கூப்பிடலாம் என்று ஃபங்ஷனின் வாசலையே, அதாவது அது எதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் என்று சொல்லும் தலைவரியையே, மாற்றிக் கட்டுவதுதான். ஆனால் அதைக் கூப்பிடுகிற இடங்கள் கெர்னல் முழுக்கச் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் தொட வேண்டும், எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஒரு போலிச் சீட்டைத் தயார் செய்து, அதன் எல்லாக் கட்டங்களையும் பூஜ்யத்தால் நிரப்பி, பைட்டுகளை அதில் கட்டி, ஃபங்ஷனிடம் நீட்டிவிட்டேன். ஃபங்ஷனும் வாங்கிக்கொண்டது. பன்னிரண்டே வரி. எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாகராஜ் சாரிடம் குறிப்பைப் படித்துக் காட்டியபோது, போலிச் சீட்டு என்ற இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"அந்த எடத்துல சீட்டே இல்ல. இல்லாத சீட்டுல நீ எப்பிடிப் பதில் எழுதுவ?"

"எல்லாக் கட்டமும் பூஜ்யம் சார். ஒண்ணும் எழுதல."

"பூஜ்யம் எழுதியிருக்கிறியே" என்றார். "வாசல மாத்து. நேரமாகும், பரவால்ல."

எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் அவர் கண் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் லீவில் போனார். அந்த நேரத்தில், பக்கத்துக் குழுத் தலைவரிடம் ஒப்புதல் வாங்கிப் பேட்சைப் பொதுப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டேன். சோதனைகள் எல்லாம் பாஸ். பட்டியலிலும் அதிகம் யாரும் கேட்கவில்லை, ஏறிவிட்டது. சார் திரும்பி வந்து பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அன்று தோன்றியது, அடுத்த நாள் மறந்துவிட்டேன்.

புதிய மென்பொருள் எங்கள் பெட்டிகளுக்கு எல்லாம் போனது. எட்டு மாதம் ஓடியது. பொங்கலுக்கு நான் ஊருக்குக் கிளம்பும்போது சேவைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். சித்தேரி மலைப் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன மருத்துவ நிலையத்தில் எங்கள் பெட்டி இருக்கிறது, அங்கிருக்கும் நர்ஸ் போன் சரியில்லை என்று ஓயாமல் புகார் செய்கிறார், உங்கள் மாவட்டம்தானே, ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தால் புகாரை முடித்துவிடலாம் என்றார். "நெட் நல்லாத்தான் போவுது மேடம். அந்தம்மாவுக்குத்தான் போன்ல பேசத் தெரியல." ஊரின் பெயரும் டிரஸ்டின் பெயரும் இங்கே வேண்டாம்.

பொங்கல் முடிந்து மறுநாள் தர்மபுரி போய், அரூரில் மலைப் பஸ் பிடித்தேன். நிலையம் இரண்டே அறை. வாசலில் ராகி காயப்போட்டிருந்தார்கள். நர்ஸ் பெயர் அலமேலு, நாற்பது வயது இருக்கும். ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, நிறுத்தாமல் போட்டு முடித்துவிட்டுத்தான் வந்தார்.

"கம்பெனிலேர்ந்து ஆளு வராங்கன்னாங்க. பொம்பளயா வருவீங்கன்னு நெனைக்கலைங்க. எந்தூருங்க நீங்க?"

"பாலக்கோடு."

"அட, நம்ம ஜில்லாதான். அப்ப நான் சொல்றது உங்களுக்காச்சும் புரியும்" என்று உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். மலையிலிருந்து தர்மபுரியில் இருக்கும் டிரஸ்ட் டாக்டரிடம் அந்தப் பெட்டி வழியாகத்தான் பேச வேண்டும் என்று உத்தரவு. பேச்சு பதிவாகுமாம். மொபைலுக்கு டவர் கிடையாது. "டாக்டர் பேசறது எனக்கு மணியாட்டம் கேக்குதுங்க. நான் பேசறதுதான் அவருக்குக் கேக்கறதில்ல. வாயில என்னத்த வெச்சிக்கிட்டுப் பேசறன்னு கேக்கறாரு. எத்தினி தடவதான் திருப்பிச் சொல்றது? கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட்டு அனுப்புனா மட்டும் நல்லாப் போவுது. அதனால நெட்டு மேல தப்பில்ல, என் மேலதான் தப்புன்னு ஆயிப்போச்சு."

கார்த்திகையில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை அழைத்து வந்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் ஏறி, கால் முகமெல்லாம் வீங்கியிருந்தது. அலமேலு போனில் அளவைச் சொல்லியிருக்கிறார், டாக்டர் என்ன என்ன என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டும் அதே கதை. காத்திருக்க முடியாது என்று ஜீப்பை வரவழைத்து, இவரே அவளை அரூருக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்.

"அந்தப் பொண்ணு?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க. கொழந்தையும் நல்லா இருக்குது. ஆனா டாக்டரக் கேக்காம அனுப்பிட்டேன், வெவரம் ஒழுங்காச் சொல்லலைன்னு எனக்கு மெமோ. பதிவப் போட்டுக் கேட்டாங்களாம், அதுலயும் நான் உளர்ற மாதிரிதான் இருக்குதாம். மார்ச்சு கடைசில வெசாரண. அதோட அனுப்பிடுவாங்கன்னு பேசிக்கறாங்க." சொல்லிவிட்டு மெமோவை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார்.

பிறகு, அவர் பாட்டுக்கு ஒன்று சொன்னார். "மெமோ வந்ததுக்கப்பறம் ஒரு நா பெருக்கறப்ப போன் ஒயரு கழண்டுபோச்சுங்க. தெரியாம பக்கத்து ஓட்டையில மாட்டிட்டேன். அன்னிக்கு டாக்டர் ஒரு வார்த்த திருப்பிக் கேக்கல. ஹெல்ப்லைன்ல சொன்னேன். தப்பான ஓட்டையில மாட்டியிருக்கீங்க, போன் படம் போட்டதுலதான் மாட்டணும்னாங்க. மாட்டுனேன், மறுபடி போச்சு. மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டு மூணு தடவ சொல்லியாச்சுங்க." சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். தேதிக் கட்டங்களில், படம் போட்ட ஓட்டையில் மாட்டிய நாட்களுக்குப் பெருக்கல் குறியும் பக்கத்து ஓட்டைக்கு வட்டமும் போட்டிருந்தார். வட்டம் போட்ட ஒரு நாளில்கூட டாக்டர் திருப்பிக் கேட்கவில்லை.

காலண்டரை விட்டுப் பெட்டியின் பக்கம் திரும்பினேன். போன் படம் போட்ட துளைக்கும் மற்றதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அதில் செருகினால், இது குரல், இதை முதலில் விடு என்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு சின்னக் குறி ஏறும். பொதுவாக நெட்வொர்க் கார்டு அந்தக் குறியை உரித்தெடுத்துச் சீட்டில் ஒரு கட்டத்தில் எழுதிவிடும். சீட்டு எழுதுவதற்கு முன்னால் குறி பாக்கெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். என் போலிச் சீட்டில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. குறி இல்லை என்று அர்த்தம்.

மடிக்கணினியைப் பெட்டியில் சொருகி, அலமேலுவை ஏதாவது பேசச் சொன்னேன். தடுப்பூசி அட்டவணையை ஒப்பித்தார். ஒரே பேச்சின் பாக்கெட்டுகளுக்கு ஃபங்ஷன் துண்டுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. குறியின் நீளம் நான்கு பைட். சீட்டை நம்பிய ஃபங்ஷன், குறி இல்லாத பாக்கெட்டில் முகவரி எங்கே இருக்குமோ அங்கே படித்தது. அங்கே இருந்தது முகவரி அல்ல, பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறுகிற சரிபார்ப்பு எண். அதனால் ஒவ்வொரு துண்டும் வேறு வேறு பேச்சு என்று நினைத்து வேறு வேறு வரிசையில் தள்ளிவிட்டது. துண்டுகள் ஒன்றையொன்று முந்தின. கம்ப்யூட்டர் ரிப்போர்ட் காத்திருந்து தன்னை அடுக்கிக்கொள்ளும். குரல் காத்திருக்காது, பிந்திய துண்டை விட்டுவிட்டுப் போய்விடும். டாக்டர் பேசுவது குறி இல்லாமல் வருவதால் அதற்கு ஒரு குறையும் இல்லை. அலமேலுவின் வார்த்தைகள் மட்டும் வாயைவிட்டு வெளியேறிய நொடியிலேயே கலைந்துபோயின, அது அவருக்குத் தெரிய வழியும் இல்லை.

"கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்றார்.

"உங்க மேல தப்பில்லைங்க. பெட்டிக்குள்ள மென்பொருள்ல பழுது. நீங்க பக்கத்து ஓட்டையிலயே மாட்டி வைங்க, நான் சரிபண்றேன்."

அந்தப் பழுது நான் எழுதியது என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் மலையிறங்கும்போது, சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெங்களூர் போனதும் முதலில், பழுது எங்களுடையது என்று டிரஸ்டுக்கு ஒரு கடிதம் கொடுக்கும்படி கேட்டேன். சட்டப் பிரிவில் முடியாது என்றார்கள். அப்படியெல்லாம் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வழக்கமே இல்லையாம். நாகராஜ் சாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். லீவில் இருந்தபோது அனுப்பியது, போலிச் சீட்டு, மெமோ எல்லாம். அவர் பென்சிலை உருட்டிக்கொண்டு கேட்டார்.

"லெட்டர் அவங்க குடுக்க மாட்டாங்க. பேட்ச்ல என்ன எழுதறதுன்றது நம்ம கையில இருக்குது. பழுதச் சொன்னவர்னு யாரப் போடப்போற?"

"வாடிக்கையாளர்னு போடலாம்னு சொல்றாங்க சார்."

"வாடிக்கையாளர்னு ஒரு ஆளு இருக்குதா? அந்தம்மாவுக்குப் பேரில்லையா?"

பெயரோடு ஒரு மெயில் முகவரியும் வேண்டும். நிலையத்துப் போனில் அலமேலுவைக் கூப்பிட்டு, உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் உங்கள் பெயர் வரும், பரவாயில்லையா என்று கேட்டேன். "மெமோவுலயே வந்துருச்சுங்க. நல்லதுக்கு வந்தா வரட்டுமே" என்றார். மொபைல் வாங்கியபோது கடைக்காரர் திறந்து கொடுத்த மெயில் ஒன்று இருந்தது; டவர் இல்லாவிட்டாலும் நிலையத்துப் பெட்டியின் வைஃபையில் அது வந்துவிடும்.

முதலில் அனுப்பியது சின்னத் திருத்தம். போலிச் சீட்டின் அந்த ஒரு கட்டத்தை மட்டும் சரியாக நிரப்பும் திருத்தம். அந்தப் பகுதியைக் காப்பவர் ஒரு வெளிநாட்டுக்காரர். ஒரே நாளில் திருப்பிவிட்டார். இன்று இந்தக் கட்டம், நாளை இன்னொரு கட்டம், போலிச் சீட்டையே எடுத்துவிட்டு வாசலை மாற்றி எழுதுங்கள் என்றார். நாகராஜ் சார் சொன்னது வெளிநாட்டிலிருந்து மறுபடி வந்திருக்கிறது. இந்த முறை கேட்டுக்கொண்டேன்.

எழுதினேன். இனி ஃபங்ஷனுக்குச் சீட்டு கட்டாயமில்லை. பைட் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, சீட்டு இருக்கிறதா, இருந்தால் எங்கே என்பதை ஒரு சின்னத் தொகுப்பாகக் கொடுத்தால் போதும். சீட்டு இல்லையென்றால், குறி இருக்கிறதா என்று பைட்டிலேயே தேடிப் பார்த்துக்கொள்ளும். சொல்ல இவ்வளவுதான். கூப்பிடுகிற ஒவ்வொரு இடத்துக்கும் போய், இங்கே இவர்கள் கையில் என்ன இருக்கும் என்று கேட்டுக் கேட்டு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது முறை அனுப்பியபோது, பெரிதாக இருக்கிறது, துண்டாக்கு என்றார்கள். மூன்றாவதில், யாரும் பயன்படுத்தாத ஒரு மூலையில் ஒரு இடத்தை மாற்ற மறந்துபோய், கம்பைலே ஆகவில்லை, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கே வரவில்லை. பட்டியல் முழுக்கப் பார்க்க மானம் போனது. நான்காவதில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய நிரல்கள் உடைந்தன. மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது. காலண்டரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கிடையில் அலமேலுவிடமிருந்து போன். பழுதைச் சொன்னவர் என்ற முறையில், பட்டியலில் யார் என்ன பதில் போட்டாலும் அவருக்கும் ஒரு நகல் போகும். இதை நான் யோசிக்கவே இல்லை.

"மேடம், இங்கிலீசுல மெயிலா வந்து குமியுதுங்க. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரு, ரொம்பக் கோவக்காரராட்டம் இருக்குது. என்னத் திட்டறாரா?"

"உங்கள இல்லைங்க, என்னைத் திட்டறாரு."

"அப்பிடீங்களா, சரிங்க" என்று நிம்மதியாக வைத்துவிட்டார்.

ஐந்தாவது முறை சண்டை, குறிப்பில் இருந்த ஒரு வாக்கியத்துக்காக. 'பேசுபவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் மறுமுனையில் குரல் சிதைந்தே கேட்கும். பேசுபவர் அதை அறியவோ சரிசெய்யவோ வழியில்லை' என்று எழுதியிருந்தேன். விசாரணையை மனதில் வைத்துத்தான் எழுதினேன், மறைப்பானேன். இது தொழில்நுட்ப விவரம் இல்லையே, எடுத்துவிடலாமே என்று ஒருவர் பட்டியலில் கேட்டார். பயந்துபோய் எடுத்துவிட இருந்தேன். வருஷக்கணக்காகப் பட்டியலில் ஒரு வார்த்தை பேசாத நாகராஜ் சார் அன்று இரண்டு வரி பதில் போட்டார். 'பழுதின் விளைவு அதுதான். விளைவைச் சொல்லாவிட்டால் இந்தத் திருத்தம் எதற்கு என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?' வாக்கியம் நின்றது.

ஆறாவதில், பழுதைச் சொன்னவர் சோதித்துப் பார்த்தாரா என்று அந்த வெளிநாட்டுக்காரர் கேட்டார். புதிய மென்பொருளைப் பெங்களூரிலிருந்தே மலைப் பெட்டியில் ஏற்றினேன். படம் போட்ட ஓட்டையில் மூன்று நாள், பக்கத்து ஓட்டையில் மூன்று நாள் என்று அலமேலு மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்து, இரண்டிலும் நன்றாகக் கேட்கிறது என்றார். சோதித்தவர் என்ற வரியிலும் அவர் பெயர் ஏறியது. ஏழாவது பேட்சை மார்ச் மூன்றாவது வாரம் ஏற்றுக்கொண்டார்கள். குறிப்பை அச்செடுத்து, தமிழில் ஒரு பக்கம் விளக்கமும் எழுதி, மலைக்கு அனுப்பினேன். விளக்கத்திலும், பழைய பேட்சின் தவறு என்று எழுதினேனே ஒழிய, யாருடைய பேட்ச் என்று எழுதவில்லை. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அடித்துவிட்டேன்.

விசாரணை நடந்த அன்று மாலை அவரே கூப்பிட்டார்.

"மெமோவத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க மேடம். நீங்க அனுப்புனத டாக்டரு ரெண்டு தடவ படிச்சாரு. இதுல உன் பேரு எப்பிடி வந்துச்சுன்னாரு. பழுதுன்னு மொதல்ல சொன்னது நானுங்க, அதனாலதான்னேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷம் என்றேன்.

"இந்தத் தப்பப் பண்ணது யாருன்னும் கேட்டாருங்க. எனக்கெப்பிடிங்க தெரியும், கம்பெனியில யாரோன்னுட்டேன்."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். "அலமேலு, அது..."

"தெரியுங்க" என்றார். "போன்லயே மெயிலத் தமிழாக்கிக் குடுக்குதே, எல்லாத்தையும் படிச்சேன். இது நீங்களே முன்ன எழுதுனதுதானேன்னு அந்த வெளிநாட்டுக்காரரு ரெண்டாவது மெயில்லயே உங்களக் கேட்டிருந்தாரு. நீங்களும் ஆமான்னு போட்டிருந்தீங்க."

அவர் அந்த மெயில்களைப் படிப்பார் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் ஒப்புக்கொண்டவள், பாதிக்கப்பட்ட ஒருவரிடம் மட்டும் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டு இருந்தேங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது.

"சரிங்க மேடம். ஊசிக்கு ஆளு நிக்குது, வெச்சிடறேன்."